பொறுக்காமல் வேறென்ன செய்வது?

நலன்புரி நிலையம் ஒன்றில் எங்கள் குடும்பம் இருந்த காலத்தில், வெளியிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் தறப்பாள் கொட்டில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கள் சனங்கள் எவ்வளவு பொறுமைசாலிகள்!" என்று வியந்து சொல்லிச் சென்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவருடைய வாகனம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபின், பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "பொறுக்காமல் வேற என்னப்பு செய்யிறது?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

2022 இல் நாடு முழுவதும் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது, "வரிசை எங்களுக்குப் புதிதல்ல, நாங்கள் இதைவிடக் கண்டவர்கள்" என்று எம்மவர் பலர் பெருமையாகவே சொன்னார்கள். அந்தப் பெருமையைக் கேட்டபோதும் அந்த அம்மாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. கஷ்டத்தைத் தாங்குவது ஒரு திறமை என்று மற்றவர்கள் எங்களைப் புகழ்வதும், நாங்களே எங்களைப் புகழ்ந்துகொள்வதும் யாருக்கு நன்மை?

இக்கேள்வியை யோசிப்பதற்கு ஒரு தூரதேசத்துக் கதையை எடுத்துக்கொள்கிறேன். 1930 களில் அமெரிக்காவிலே, உலகில் செல்வம் கொழித்த நாடென்று பேர்பெற்ற அந்த நாட்டிலே, இலட்சக்கணக்கான கமக்காரக் குடும்பங்கள் காணியை விட்டு, மெத்தையையும் சட்டிபானையையும் பழைய காரின் மேல் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கின. அங்கே குண்டு விழவில்லை. விலைதான் விழுந்தது.

முதலாம் உலக யுத்தக் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை இருந்தது. 1919 இல் ஒரு புசல் கோதுமை 2 டொலருக்கு மேல் போயிற்று. (எங்கள் நெற்கணக்கில் வருகின்ற புசல் என்ற அளவுதான்.) விலையைக் கண்டு கமக்காரர் வங்கியில் கடன்பட்டுக் காணி வாங்கினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள், அதுவரை மாடு மேய்ந்த புல்வெளிகளைப் புரட்டி விதைத்தார்கள். 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லும். கமக்காரனுக்கு மந்தம் அதற்கு முன்பே, 1920 களிலேயே தொடங்கிவிட்டது. 1932 இல் அதே புசல் கோதுமை 40 சதம்கூடப் போகவில்லை. 1929 இல் இறாத்தல் 16, 17 சதம் விற்ற பருத்தி 1931 இல் 6 சதத்துக்கும் கீழே இறங்கியது. கடன்தொகை மட்டும் இறங்கவில்லை. 1930 க்கும் 1933 க்கும் இடையில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் முறிந்தன. வங்கியில் காசு போட்டிருந்தவனுக்குக் காசு போயிற்று, கடன் எடுத்தவனுக்கோ காணி போயிற்று.

1932-33 மாரிகாலத்தில் அயோவா போன்ற மாநிலங்களில் சோளத்தை அடுப்பில் போட்டு எரித்தார்கள். நிலக்கரியைவிடச் சோளம் மலிவாகக் கிடந்தது. அதே மாரியில் நகரங்களிலே, நால்வரில் ஒருவருக்கு வேலையில்லாத நிலையில், ஒரு கோப்பை சூப்புக்கும் ஒரு துண்டு பாணுக்கும் நீண்ட வரிசைகள் நின்றன. எரிக்கிற சோளத்துக்கும் பசித்த வாய்க்கும் இடையில் தெரு இருந்தது, ரயில் இருந்தது. வாங்கக் காசுதான் இருக்கவில்லை.

இக்காலத்தைக் குடும்பங்கள் எப்படித் தாண்டின என்று கேட்டால், முதலில் சொல்லப்படுவது பெண்களின் சிக்கனம். அது உண்மை. கோதுமை மா வந்த துணிச்சாக்கை வெட்டிச் சட்டையும் உள்ளாடையும் தலையணை உறையும் தைத்தார்கள். எல்லோரும் தைக்கிறார்கள் என்று தெரிந்ததும் மா ஆலைக்காரர் சாக்கிலே பூப்போட்ட துணியும், கழுவினால் போகிற மையும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கோடையில் கிடைத்த மரக்கறியையும் பழத்தையும் கண்ணாடிப் போத்தல்களில் அவித்து அடைத்து, நிலத்தடி அறையில் மாரிக்கென்று அடுக்கி வைத்தார்கள். அவரை விதையும் சோளப் பாணுமே அன்றாடச் சாப்பாடு. வேலியோரத்து இலைகளைப் பறித்துக் கறி வைத்தார்கள். ஒக்லஹோமாவின் வரண்ட பகுதிகளில் மாட்டுக்குப் போட்ட முட்செடியையே உப்புநீரில் ஊறவைத்து மனிதரும் உண்டார்கள். முசுட்டையும் முல்லையும் பறித்துச் சமாளித்த எங்கள் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் உண்டபின் மிஞ்சியதைத் தாய் உண்டாள், மிஞ்சாவிட்டால் தனக்குப் பசியில்லை என்றாள். குடும்பத்தின் பொறுமை என்று நாங்கள் சொல்வதில் பெரும் பங்கு இந்தப் பசியில்லை என்ற பொய்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் மாச்சாக்கில் சட்டை தைத்து வங்கிக்கடன் கட்டியவர் எவரும் இல்லை. சிக்கனம் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்தது. காணியைப் பிடித்து வைக்க அதனால் முடியவில்லை.

காணியைப் பிடித்து வைத்தவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். கடன் தவறினால் வங்கி நீதிமன்றம் போகும், ஷெரிப் என்ற அதிகாரி வந்து அந்த வளவிலேயே மாடு, குதிரை, கலப்பை எல்லாவற்றையும் ஏலம் கூறுவார். நெப்ராஸ்கா, அயோவா பக்கங்களில் 1931 அளவிலிருந்து, ஏல நாளன்று அயலவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து நின்றார்கள். மாடு ஏலத்துக்கு வரும். ஒருவர் 5 சதம் என்பார். மற்றவர் எவரும் வாய் திறக்கமாட்டார். குதிரைக்கு 10 சதம். கலப்பைக்கு இன்னும் சில சதம். வெளியூர் வியாபாரி யாராவது கூடுதலாகக் கேட்க வாயெடுத்தால், பின்னால் நிற்பவர் தோளில் கை வைப்பார். முழு வளவும் சில டொலருக்கு ஏலம் போகும், வங்கி அதை வாங்கிக்கொண்டு போகவேண்டும். அதன்பின் எடுத்தவர்கள் அவ்வளவையும் பழைய சொந்தக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சத ஏலம் என்று அதற்குப் பெயர் வந்தது.

சில இடங்களில் பட்டடையின் முகட்டிலிருந்து தூக்குக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கயிற்றை நான் புகழமாட்டேன். 1933 ஏப்ரலில் அயோவாவின் லெ மார்ஸ் என்ற ஊரில் ஒரு கூட்டம் நீதவானை நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று கழுத்தில் கயிற்றைப் போட்டது. நல்லவேளையாக உயிர் தப்பினார். மாநில ஆளுநர் படையை இறக்கினார், கமக்காரருக்கு இருந்த அனுதாபமும் குறைந்தது. எங்கள் நாட்டில் பயமுறுத்தல் எங்கே போய் முடிகிறதென்று நாங்கள் கண்டிருக்கிறோம். ஆயினும் கயிறு இல்லாத ஏலங்களே மிகப் பல. அங்கே வேலை செய்தது, ஒருவரின் வீழ்ச்சியில் மலிவாக ஒரு மாட்டை வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசையை நூறு பேர் ஒரே நாளில் அடக்கிக்கொண்டதுதான். பசியை அடக்குவதைவிட அது கடினமான பொறுமை. அந்தக் கொந்தளிப்பின் பின்னரே மினசோட்டா உட்படப் பல மாநிலங்கள் 1933 இல் ஈட்டுக் காணிகளைப் பறிப்பதைத் தள்ளிப்போடும் சட்டங்களை ஆக்கின. மினசோட்டாச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் 1934 இல் தீர்ப்பளித்தது. லீசிங் கட்டணம் தவறியதால் உழவு இயந்திரத்தை இழுத்துச் செல்லும்போது, அதை அடுத்த வாரம் மலிவாக எடுக்க நம் ஊரிலேயே ஆள் நிற்பதை அறிந்தவர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லமுடியாது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933 இல் பதவிக்கு வந்ததும் விலையை உயர்த்துவதற்காக விளைச்சலைக் குறைக்கும்படி காசு கொடுத்தார்கள். அந்த வருடம் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்தியை நின்ற பயிரோடு உழுது மூடினார்கள், ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். விலை ஓரளவு ஏறியதும் உண்மை. ஆனால் நட்டஈட்டுக் காசு காணிச் சொந்தக்காரரின் கைக்குப் போயிற்று. தெற்கு மாநிலங்களில் அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் வாரத்துக்குச் செய்தவர்கள், கறுப்பரும் வெள்ளையருமாக, உறுதி இல்லாதவர்கள். அவர்களின் பங்கைப் பல சொந்தக்காரர் கொடுக்கவில்லை. விதைப்பு குறைந்ததால் ஆளும் தேவையில்லை என்று குடிசையிலிருந்தும் எழுப்பிவிட்டார்கள். வந்த காசில் உழவு இயந்திரம் வாங்கினார்கள், அது இன்னும் சில குடும்பங்களை எழுப்பியது. ஆக, உதவி என்று வந்த திட்டமே இடப்பெயர்வுக்கு ஒரு காரணமாயிற்று. உறுதி உள்ளவருக்கே வீட்டுத்திட்டம், குடும்பத் தலைவரின் பெயருக்கே அட்டை என்ற வரிகளோடு பழகியவர்கள் இதிலே அதிசயப்பட எதுவுமில்லை.

1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தின் ரைரொன்சா என்ற ஊருக்கு அருகில், கறுப்பரும் வெள்ளையருமாக 18 பேர் கூடி, வாரக்குடிகளுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். நிறத்துக்கு ஒரு சங்கம் வேண்டுமா, எல்லோருக்கும் ஒன்றா என்பதே அவர்களது முதல் கேள்வி. எல்லோருக்கும் ஒன்று என்று முடிவு செய்தார்கள். அந்த மண்ணில் அக்காலத்தில் அது உயிராபத்தான முடிவு. 1939 ஜனவரியில் மிசூரியில், எழுப்பப்பட்ட ஆயிரத்துக்கும் அதிகமானோர், ஓவன் விற்பீல்ட் என்ற கறுப்பினப் போதகரின் வழிகாட்டலில், ஒளிந்துகொள்ளாமல் நெடுஞ்சாலையோரத்திலேயே குளிரில் பாயை விரித்தார்கள். போகிற வருகிற கார்க்காரர் எல்லோரும் பார்க்கட்டும் என்பது நோக்கம். சில நாட்களில், சுகாதாரக் கேடு என்று காரணம் காட்டி அவர்களைப் பொலிசார் அகற்றினார்கள்.

மேற்குச் சமவெளியில் இன்னொரு அழிவு. புல்லைப் புரட்டி உழுத நிலத்தில் 1930 களில் மழை பொய்க்க, மேல்மண் காற்றோடு எழும்பியது. 1935 ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை வந்த கரும்புழுதி பட்டப்பகலை இரவாக்கியது. ஈரச் சீலையை யன்னலில் தொங்கவிட்டார்கள், சாப்பிடும்வரை கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தார்கள், பிள்ளைகள் புழுதிச் சளியால் இறந்தார்கள். அங்கேயும் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போகவில்லை என்பதைச் சொல்லவேண்டும். போனவர்களின் கதைதான் உலகம் அறிந்தது.

சமவெளி மாநிலங்களிலிருந்து இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். சொந்த நாட்டின் இன்னொரு மாநிலந்தான். ஆனால் 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் தலைவர் 136 பொலிசாரை மாநில எல்லைக்கு அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார். உள்ளே வந்தவர்களை "ஓக்கி" என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் அதே பட்டம். வாய்க்கால் கரையில் தகரமும் மட்டையும் சாக்கும் வைத்துக் கொட்டில் போட்டார்கள், வாய்க்கால் தண்ணீரையே குடித்தார்கள். ஏழையை மாநிலத்துக்குள் கூட்டி வருவது குற்றம் என்றிருந்த சட்டத்தை அதியுயர் நீதிமன்றம் நீக்கியது 1941 இலேதான்.

இவ்விடத்தில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1936 மார்ச்சில், நிபோமோ என்ற இடத்தில், உறைபனியால் பயிர் கெட்டு வேலையிழந்த பயற்றங்காய் பறிப்போரின் முகாமில், டொரதியா லாங் என்ற பெண் ஒரு தாயைப் படம் எடுத்தார். கையைக் கன்னத்தில் வைத்த தாய், தோளில் முகம் புதைத்த இரு பிள்ளைகள். படம் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனதும் அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவை அம்முகாமுக்கு அனுப்பியது. அது வந்து சேர்வதற்குள் அந்தத் தாய் வேலை தேடி வேறிடம் போய்விட்டார். படம் உலகப் புகழ் பெற்றது. பெருமந்தம் என்றாலே அந்த முகம் என்றாயிற்று. புளோரன்ஸ் தொம்சன் என்ற அவருடைய பெயரோ 1978 வரை வெளியில் தெரியாது. தனக்கு அந்தப் படத்தால் ஒரு சதமும் வரவில்லை, எடுக்க விட்டிருக்கக்கூடாது என்று அவர் பின்னர் சொன்னார். எங்கள் கொட்டில்களிலும் எத்தனை படங்கள் எடுத்தார்கள்! யாராவது பெயரைக் கேட்டு எழுதினார்களா?

அதே காலத்தில் கலிபோர்னியாவின் ஆர்வின் ஊருக்கு அருகே, களைத்திடல் என்று பொருள்படும் வீட்பட்ச் என்ற இடத்தில், மத்திய அரசாங்கம் ஒரு முகாமை அமைத்தது. அங்கே குளிக்கத் தண்ணீரும், கழுவும் தொட்டிகளும், ஒழுங்கான கழிப்பறைகளும் இருந்தன. வாய்க்கால் கரையிலிருந்து வந்தவர்களுக்கு அதுவே பெரிய காரியம். நான் கவனித்தது வேறொன்றை. முகாமின் பொறுப்பாளராக இருந்த ரொம் கொலின்ஸ் என்பவர், முகாமின் ஒழுங்கை முகாம்வாசிகளின் கையிலேயே விட்டார். அவர்கள் தெரிந்தெடுத்த குழு ஒன்று சண்டை சச்சரவைத் தீர்த்தது. பெண்களின் குழு ஒன்று புதிதாக வந்த குடும்பங்களை வரவேற்று, சுத்தத்தையும் குழந்தைப் பராமரிப்பையும் கவனித்தது. கட்டணம் கிழமைக்கு 1 டொலர் அளவில். கொடுக்க முடியாதவர் முகாமில் வேலை செய்து கழிக்கலாம். கை நீட்டி வாங்கவில்லை என்று அவர்கள் சொல்லிக்கொள்ள அது இடம் வைத்தது. ஜோன் ஸ்ரைன்பெக் இம்முகாமுக்கு 1936 இல் வந்து, பின்னர் 1939 இல் இம்மக்களைப் பற்றித் தம் பெரிய நாவலை எழுதினார். அந்தக் கேர்ண் மாவட்டத்தின் நூலகங்களில் அதே ஆண்டு அந்நாவலைத் தடைசெய்தார்கள்.

முகாமின் பிள்ளைகளை ஊர்ப் பாடசாலைகள் விரும்பவில்லை. சப்பாத்தில்லை, நாற்றம், படிப்பில் பின்தங்கியவர்கள் என்றார்கள். 1939 இல் மாவட்டக் கல்வி அதிகாரியாகத் தெரிவான லியோ ஹார்ட், 1940 இல் முகாமின் அருகே 10 ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்து, அங்கே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். கட்டடங்களைக் கட்டியவர்களில் அப்பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருந்தார்கள். தச்சுவேலை, குழாய்வேலை, தையல், தோட்டம், கால்நடை எல்லாம் பாடங்கள். தங்கள் சாப்பாட்டில் ஒரு பகுதியைத் தாங்களே விளைவித்தார்கள். நீச்சல் குளமும் ஒன்று வெட்டினார்கள். நீச்சல் குளம் என்று வாசித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். வாய்க்கால் தண்ணீர் குடித்த பிள்ளைகள் அல்லவா?

இதையெல்லாம் சொல்லி, அந்த மக்களைப் புண்ணியவான்கள் ஆக்க நான் விரும்பவில்லை. அரசாங்க முகாம்கள் மிகச் சில, பெரும்பாலான குடும்பங்கள் வாய்க்கால் கரையிலேயே இருந்தன. அந்த முகாம்களில் இருந்தவர்களும் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். அதே வயல்களில் அவர்களுக்கு முன் வேலை செய்த மெக்சிக்கோ வம்சத்தினரை, வேலையில்லை, நிவாரணத்துக்குச் செலவாகிறது என்று சொல்லி, 1930 களில் இலட்சக்கணக்கில் எல்லைக்கப்பால் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். கலிபோர்னியா அதற்கு மன்னிப்புக் கேட்க 2005 வரை சென்றது. அதே மந்தத்தில் தேயிலை, இறப்பர் விலை விழ, எங்கள் நாட்டுத் தோட்டங்களிலிருந்தும் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள், எஞ்சியோரின் சம்பளம் வெட்டப்பட்டது. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறி, அங்கிருந்தும் எழும்பிய வாசகர்களின் பாட்டன்மாருக்கு அது தெரிந்த கதை. கஷ்டம் வரும்போது சிலர் ஒன்றுசேர்வார்கள், அப்போதே வேறு சிலரை வெளியே தள்ளியும் விடுவார்கள். எங்கள் முகாம்களில் கிணற்றடியில் யார் முதலில் அள்ளுவது என்ற சண்டைக்குள் சாதி வந்ததை மறந்துவிட்டோமா?

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அக்குடும்பங்களுக்கு நிரந்தர வேலையும் சம்பளமும் கிடைத்தது ஒரு யுத்தத்தினால். 1941 இல் அமெரிக்கா இரண்டாம் உலக யுத்தத்தில் இறங்க, கலிபோர்னியாவின் கப்பல் கட்டும் துறைகளுக்கும் விமானத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. நேற்று "ஓக்கி" என்று துரத்தியவர்கள் இன்று கூப்பிட்டார்கள். யுத்தம் எழுப்பிவிட்ட எங்களுக்கு இதை வாசிப்பது கசப்பாகவே இருக்கும். போனவர்களில் பலர் ஊருக்குத் திரும்பவில்லை, கமக்காரராகவும் இல்லை. விட்டுவந்த சிறு காணிகள் பல பெரிய பண்ணைகளுக்குள் மறைந்தன.

அந்த அம்மாவுக்கு இப்போது என்ன பதில் சொல்வேன்? பொறுக்கத்தான் வேண்டும், அம்மா. ஆனால் ஏல நாளன்று அயல் வளவுக்குப் போகவேண்டும். நிவாரணம் யாருடைய பெயரில் வருகிறதென்று கேட்கவேண்டும். முகாம்குழுவில் உங்களைப் போன்றவர்களும் இருக்கவேண்டும், தேநீர் ஊற்றுவதற்கல்ல, கையெழுத்து வைப்பதற்கு. அவர் இன்று இல்லை. மீள்குடியேற்றத்துக்கு முன்பே, தன் கிணற்றடியைப் பாராமலே போய்விட்டார்.

ஆர்வின் முகாமின் பழைய மரக் கட்டடங்கள் சிலவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்த முகாமில் தங்கிப் பழமும் திராட்சையும் பறிக்க வந்தவை பெரும்பாலும் மெக்சிக்கோ வம்சத்துக் குடும்பங்கள்.